மோந்து பார்க்கும் உத்தியோகம்

1

நேற்று எங்கள் தெருவில் கேக் வெட்டினார்கள். யாருக்கும் பிறந்தநாள் இல்லை. ஊர்க் குப்பைமேட்டிலிருந்து எடுக்கிற கேஸ் எங்கள் வீட்டு அடுப்புகளுக்கு வர ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறதாம். கேஸ் கம்பெனி ஆட்கள் பச்சைத் தொப்பி போட்டுக்கொண்டு வந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார்கள். ஹாலந்துக்காரர்களுக்குக் கேக் வெட்ட ஒரு சாக்குக் கிடைத்தால் போதும். எனக்கு மட்டும் இரண்டு துண்டு வந்தது. ஏன் என்று பக்கத்து வீட்டம்மா கேட்டாள். இந்த கேஸ் ஏழு மாதம் தாமதமாக வந்ததற்கு நான்தான் காரணம் என்றேன். பாவம், சிரிப்பதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அது என்ன கதை என்று திருநெல்வேலியிலிருந்து படிக்கிற உங்களுக்காவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகள் முடியப்போகின்றன. இதற்கு மேல் போட்டுவைத்தால் எனக்கே மறந்துபோகும்.

இங்கே சிலிண்டர் கிடையாது. நம் ஊரில் தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற மாதிரி, மண்ணுக்கடியில் குழாய் போட்டு வீட்டுக்கு வீடு கேஸ் வரும். கேஸுக்கு இயல்பாக மணமே கிடையாது. கசிந்தால் மனுஷனுக்குத் தெரியவேண்டுமே என்று ஒரு நாற்றத்தை வேண்டுமென்றே கலந்து விடுகிறார்கள். அந்த நாற்றம் சரியாக இருக்கிறதா என்று மோந்து பார்த்து மார்க் போட ஆறு பேரை வைத்திருக்கிறது கம்பெனி. அந்த ஆறு பேரில் நான் ஒருத்தி.

வேலை கிடைத்த அன்று தம்பி சங்கரனுக்குப் போன் செய்து சொன்னேன்.

"ஏ யக்கா, மோந்து பாக்குததுக்கா சம்பளம் தாரான்?" என்று அவன் சிரித்த சிரிப்பில் லைன் கரகரத்தது.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் பலசரக்குக் கடை அண்ணாச்சியிடமும் போய்ப் பெருமையாக, "எங்க அக்காவுக்கு அங்கன கேஸ் கம்பெனில வேல" என்றிருக்கிறான். அண்ணாச்சி தராசைக் கீழே வைத்துவிட்டு, "கேஸா? வக்கீலுக்கா படிச்சா ஒங்க அக்கா? ஏ, நம்ம வரப்புத் தகராறு ஒண்ணு இழுத்துக்கிட்டுக் கெடக்குவே, கொஞ்சம் கேட்டுச் சொல்லு" என்றாராம்.

2

இந்த வேலைக்கு என்னைக் கூட்டிப்போனது பெருங்காயம். நான் படித்த வேதியியல் பட்டத்தை இந்த அரசாங்கம் மதிக்கவில்லை. மூன்று படிவம் நிரப்பி, நாலு முத்திரை வாங்கிக் கொடுத்ததற்கு, "தங்கள் படிப்பு இங்கே உயர்நிலைப் பள்ளிக்குச் சமம்" என்று கடிதம் வந்தது. கடிதத்தை மடித்து அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு ரசம் வைக்கப் போனேன்.

கட்டிப் பெருங்காயத்தைச் சூடான நெய்யில் போட்டால் எப்படிப் பொரியும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. அன்று ரசம் கொதித்து முடிவதற்குள் வாசலில் மணி. கேஸ் கம்பெனி வண்டி நிற்கிறது. கூடவே தீயணைப்பு வண்டி வேறு. அடுத்த வீட்டுக் கிழவர் கேஸ் கசிகிறது என்று போன் செய்துவிட்டார். வந்தவர்கள் கருவியை மூலை முடுக்கெல்லாம் நீட்டிப் பார்த்தார்கள். ஒன்றும் காட்டவில்லை. ஆனால் நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. நான் பெருங்காயக் கட்டியை எடுத்து ஒருவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். மனுஷன் இரண்டடி பின்னால் போனார். அப்புறம் திரும்பி வந்து இன்னொரு தடவை மோந்து பார்த்தார். அவர்தான் ஹெங்க். கம்பெனியில் என்ஜினீயர். "நாங்கள் கேஸில் கலக்கிறதற்கு இது அண்ணன் தம்பி" என்றார்.

அடுத்த மாதம் மோந்து பார்க்க ஆள் தேடியபோது ஹெங்க் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். பட்டம் கேட்கவில்லை. மூக்கு இருந்தால் போதும் என்றார்கள். ஒரே ஒரு நிபந்தனை, சோதனைக்கு முந்தின நாள் வீட்டில் பெருங்காயம் ஆகாது.

3

சோதனைக்கு முந்தின நாள் மட்டும்தானே என்றுதான் ஒத்துக்கொண்டேன். முழுசாக நிறுத்தவைத்தவள் என் மகள்.

அவள் பெயர் காந்திமதி. நெல்லையில் பிறந்தவள் மகளுக்கு அம்மன் பெயரைத் தவிர வேறு என்ன வைப்பாள்? ஆனால் இங்கிலீஷில் 'G' போட்டு எழுதுகிற அந்த 'க' இந்த ஊர்க்காரர்களுக்கு வராது. அந்த எழுத்தைப் பார்த்தால் தொண்டையைக் காறிக்கொண்டு 'ஹ' என்பார்கள். பள்ளிக்கூடத்தில் முதல் நாளே என் மகள் 'ஹந்திமதி' ஆகிவிட்டாள். கேஸும் இவர்கள் வாயில் 'ஹஸ்'தான். ஒரு வருஷத்தில் அவளே போனை எடுத்து "ஹந்திமதி பேசுகிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தாள். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்தேன்.

ஆறு வயசில் ஒருநாள் பள்ளிவிட்டு வந்து கோட்டைக் கழற்றித் தரையில் வீசினாள். "இது நாறுது. கிளாஸ்ல ஒருத்தி எம் பக்கத்துல உக்காரமாட்டேங்குறா. உங்க வீட்டுல கேஸ் கசியுதான்னு கேக்குறா" என்று அழுதாள். எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. எங்கள் வீட்டு மணத்துக்கு எவள் மூக்கைப் பிடிக்கிறாள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அன்று இரவே பெருங்காய டப்பாவைப் பரணில் தூக்கிப் போட்டேன். ஐந்து வருஷம் பெருங்காயம் இல்லாத ரசம் குடித்தோம். என் வீட்டுக்காரர் முகம் சுளிக்காமல் குடித்தார், அதைச் சொல்லவேண்டும்.

4

இந்தக் குப்பைமேட்டுக் கதை அதற்கப்புறம்தான். பூமி சூடாகிறது, கரியை எரிப்பதைக் குறைக்கவேண்டும், மண்ணுக்கடியில் இருந்து எடுக்கிற கேஸையும் எத்தனை நாளைக்கு நம்பியிருப்பது என்றெல்லாம் இங்கே பேச்சு கிளம்பியிருந்த சமயம். ஹெங்க் ஒரு யோசனையோடு வந்தார். ஊர்க் குப்பை அழுகும்போது கேஸ் வருகிறது. அது சும்மா காற்றில் போய்ச் சேர்ந்தால் பூமிக்கு இன்னும் கேடு. அதைப் பிடித்துச் சுத்தம் பண்ணி நம் குழாயிலேயே விட்டால் என்ன?

சொல்ல எளிது. மூன்று வருஷம் நகரசபைக்கும் கம்பெனிக்கும் நடந்தார் மனுஷன். "எங்க அப்பா காலத்தில் இதே குழாயில் நிலக்கரி கேஸ் வந்தது. அப்புறம் மண்ணுக்கடியில் கேஸ் கிடைத்தது. அவர் வீடு வீடாகப் போய் அடுப்பை மாற்றிக் கொடுத்தார். இப்போது என் முறை" என்பார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும்.

"எங்கள் ஊர்ப்பக்கம் ஏரலில் என் மாமா வீட்டில் மாட்டுச்சாணத்தில் கேஸ் எடுத்து அடுப்பு எரித்தார்கள். நான் பாவாடை கட்டின காலத்திலேயே" என்று சொன்னேன். அவருடைய பெருமையைக் கொஞ்சம் இறக்கிவைக்கலாம் என்றுதான் சொன்னேன். அவரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எத்தனை மாடு, குழி எவ்வளவு ஆழம், எந்த மாதிரி மூடி என்று ஒருமணி நேரம் கேட்டார். நல்ல மனுஷன்.

கடைசியில் எங்கள் ஆறு பேரிடம் வந்தது அந்தப் புது கேஸ். வெள்ளைச் சுவர் வைத்த அறை. மணமே இல்லாத காற்று. புனல் மாதிரி ஒன்றில் மூக்கை வைத்து மோந்து, பத்துக்கு எத்தனை என்று எழுதவேண்டும். கலந்த நாற்றம் தெரிந்தது. அதோடு சேர்ந்து லேசாக ஆரஞ்சுத்தோல் வாடை அடித்தது. குப்பையில் போடுகிற பழத்தோலிலிருந்து வருவது, ஒன்றும் செய்யாது என்றார்கள். நான் ஒன்பது மார்க் போட்டேன். மற்றவர்களும் ஏறக்குறைய அதேதான். "லீவில் ஊருக்குப் போய்விட்டு வாருங்கள், வந்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டதும் வால்வைத் திறந்துவிடலாம்" என்றார் ஹெங்க். நான் காந்திமதியைக் கூட்டிக்கொண்டு சந்தோஷமாக விமானம் ஏறினேன்.

5

அந்த வருஷம்தான் சங்கரன் வீட்டுக்கு கேஸ் இணைப்புக் கிடைத்திருந்தது. பெயர் எழுதிப்போட்டு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கினது. சிலிண்டருக்குக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். நான் சிரித்தேன். தம்பி மனைவி செண்பகத்துக்கு வெட்கம். "சிரிக்காதிய மைனி. இதுக்கு முந்தி மண்ணெண்ணெய்க்கு நான் எம்புட்டு நேரம் வரிசைல நின்னிருப்பேன் தெரியுமா?" என்றாள்.

வந்து சேர்ந்த மறுநாள் காலை. சங்கரன் காய்கறி வாங்கக் கடைக்குப் போயிருந்தான். காந்திமதி குளிக்கப் போனாள். நான் எழுந்து பைய அடுப்படிக்குப் போனேன். வாசல்படியிலேயே நின்றுவிட்டேன்.

பெருங்காயம்! ஐந்து வருஷமாக நான் பரணில் போட்டுவைத்த மணம். கண்ணை மூடிக்கொண்டு நெஞ்சு நிறைய இழுத்தேன். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. இதை எழுதுகிறபோது வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் நடந்ததுதானே. "அம்மாடி, வீடு மணக்குதே செண்பகம்" என்றேன்.

செண்பகம் புறவாசலில் உட்கார்ந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள். "ரசத்துக்குப் பெருங்காயம் ஊற வச்சிருக்கேன் மைனி. ஒங்களுக்குன்னு கூடவே போட்டிருக்கேன். இந்தா வந்துட்டேன், காப்பி போட்டுத் தாரேன்" என்றபடி எழுந்து வந்தாள். மேடையில் கிண்ணத்தில் பெருங்காயத் தண்ணீர் இருந்தது. எனக்கு அது போதும். செண்பகம் தீப்பெட்டியை எடுத்தாள்.

"ஹஸ்!"

ஈரத் தலையோடு காந்திமதி வாசல்படியில் நின்றாள். "ஹஸ்! ஹஸ்!" என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள்.

செண்பகம் பதறிவிட்டாள். "எம்மா! பிள்ளைக்குத் தொண்டைல என்னமோ சிக்கிட்டு! மைனி, தண்ணி எடுங்க, சீக்கிரம்!" என்று சொல்லி, தீப்பெட்டி பிடித்த கையாலேயே அவள் முதுகில் தட்டப் பார்த்தாள். காந்திமதி அந்தக் கையை விடவில்லை. என்னைப் பார்த்து இன்னொரு தரம் "ஹஸ்" என்றாள். பயத்தில் அவளுக்குத் தமிழ்ச் சொல் வரவில்லை.

அந்த வீட்டில் அந்தச் சொல் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அது காதில் ஏறிய அந்த நொடியில் என் மூக்கில் இருந்த மணம் மாறியது. ஒரு மூச்சுக்கு முன் பெருங்காயமாக இருந்தது இப்போது கேஸாக இருந்தது. மணம் ஒன்றுதான், நான்தான் அதுவரை வேறு பெயர் வைத்திருந்தேன்.

தீப்பெட்டியைப் பிடுங்கிப் புறவாசலில் வீசினேன். ரெகுலேட்டரை மூடினேன். கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்தோம். லைட் சுவிட்சைத் தொடாதே என்று காந்திமதி அத்தைக்கு டச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை புரிந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பேரும் தெருவில் போய் நின்றோம்.

சங்கரன் வந்து குழாயைக் கழற்றிச் சோப்புத் தண்ணீரில் முக்கிப் பார்த்தான். "சவம், எலி கடிச்சிருக்குலா!" என்றான். பல் பதிந்த இடத்தைக் காட்டினான். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினான். அவன் முகமும் வெளுத்துத்தான் இருந்தது, ஆனாலும் வாய் சும்மா இருக்குமா?

"ஏ யக்கா, ஒனக்குல்லா மோந்து பாக்குததுக்குச் சம்பளம் தாரான்? இனிமே ஒம் மவ பேருக்கு அனுப்பச் சொல்லு."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் புறவாசலில் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து அழுதேன். செண்பகம் ஒரு குச்சி உரசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அழுதேன். ஐந்து வருஷத்துக்கு மேலாக மோந்து பார்ப்பதே பிழைப்பாக இருக்கிற எனக்குத் தெரியவில்லையே என்றும் அழுதேன்.

காந்திமதி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, நீ ஏன் கண்டுபிடிக்கல?"

"பெருங்காயம்னு நெனச்சுட்டேன்."

"பெருங்காயம்னா எப்படி இருக்கும்?"

செண்பகம் உள்ளே போய்க் கட்டியைக் கொண்டுவந்து அவள் மூக்கில் வைத்தாள். "இந்தா, மோந்து பாரு. எப்படி மணக்கு?"

காந்திமதி மூக்கைச் சுருக்கினாள். மறுபடி மோந்தாள். "ஓ, கோட்டுல இருந்தது இதுதானா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "கேஸ் மாதிரிதான் இருக்கு. ஆனா கேஸ் இல்ல" என்றாள்.

அவளுக்காக நான் அந்த மணத்தை வீட்டைவிட்டு ஓட்டியிருந்தேன். அதனால் அவள் மூக்குக்கு கேஸ் வெறும் கேஸாகவே பட்டது. நாங்கள் பிழைத்தோம். இதற்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

6

திரும்பி வந்ததும் நேரே ஹெங்க் அறைக்குப் போனேன். அறிக்கை மேஜையில் தயாராக இருந்தது. ஐந்து கையெழுத்து விழுந்திருந்தது.

"என் ஒன்பது மார்க்கைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. "மூக்கில் ஏதாவது சளியா?" என்று கேட்டார்.

வண்ணார்பேட்டை அடுப்படியில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் காது சுட்டது. மோந்து பார்க்கிறவள் தன் மூக்கு ஏமாந்த கதையைத் தானே சொல்வது லேசான காரியம் இல்லை. வேலை போனாலும் போகும் என்று தெரிந்துதான் சொன்னேன்.

"அந்த வெள்ளை அறையில் கேஸ் வரப்போகிறது என்று தெரிந்து நாங்கள் மோந்தோம். அடுப்படியில் யாரும் கேஸ் வரும் என்று காத்திருப்பதில்லை ஹெங்க். எனக்குப் பெருங்காயம் மாதிரி, இங்கே ஆரஞ்சு உரிக்கிற ஒருத்திக்கு உங்கள் புது கேஸ் ஆரஞ்சு வாடையாகத்தான் தெரியும். அவள் நிம்மதியாகத் தீக்குச்சி உரசுவாள்."

"ஆறு பேரும் சரி என்றுதானே எழுதினீர்கள்?"

"எழுதினேன். தப்பு."

அவர் அறிக்கையைக் கையில் எடுத்து ஐந்து கையெழுத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்று வருஷ நடை, நகரசபைக்குக் கொடுத்த வாக்கு, அப்பா செய்த வேலை எல்லாம் அந்த முகத்தில் வந்து போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் செண்பகம் கையில் இருந்த தீப்பெட்டி அதைவிடப் பெரிதாகக் கண் முன்னால் நின்றது. அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் வந்து, "சரி, வீட்டு அடுப்படிகளிலேயே சோதித்துப் பார்ப்போம். சொல்லாமல் கொள்ளாமல்" என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. ஒத்துக்கொண்ட வீடுகளில், ஆபத்தில்லாத அளவு அந்த மணத்தை மட்டும் ஒரு குப்பியில் கொண்டுபோய், அவர்கள் சமைத்துக்கொண்டிருக்கும்போது தெரியாமல் திறந்தார்கள். பழம் உரித்துக்கொண்டிருந்த இரண்டு வீட்டில் ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஹெங்க் வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கேஸை இன்னொரு தடவை வடிகட்டி அந்த ஆரஞ்சு வாடையை எடுத்தார்கள். நாற்றத்தைக் கொஞ்சம் கூட்டினார்கள். ஏழு மாதம் போனது அதற்குத்தான்.

7

கடைசிச் சோதனைக்கு ஒரு வீடு குறைந்தது. சாப்பாட்டு மேஜையில் அதைச் சொன்னேன்.

"நம்ம வீட்டுல செய்யட்டும்" என்றாள் காந்திமதி. தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "நீ பெருங்காயம் போட்டு ரசம் வை."

"கோட்டு நாறும்டி."

"பரவாயில்ல. மாடில தொங்கவிட்டுருதேன்."

'விட்டுருதேன்' என்றாள். செண்பகத்தின் பேச்சு.

சனிக்கிழமை மத்தியானம் ஹெங்க் தன் உதவியாளரோடு வந்தார். செண்பகம் பொட்டலம் கட்டிக் கொடுத்த கட்டிப் பெருங்காயத்தை நெய்யில் போட்டேன். ஐந்து வருஷத்துக்கு அப்புறம் வீடு வீடு மாதிரி மணந்தது. அடுத்த வீட்டுக் கிழவருக்கு முன்னாடியே சொல்லிவைத்திருந்தோம், தீயணைப்பு வண்டி வரவில்லை. குப்பியை எப்போது திறந்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ரசத்தை இறக்கிக் கொத்தமல்லி கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மூக்கில் பெருங்காயம் ஒன்றுதான் இருந்தது. இந்தத் தடவையும் நான் ஏமாந்தேன்.

மாடிப்படியில் தடதடவென்று சத்தம். பாதிப் படியில் காந்திமதி நின்றாள். மூக்கைத் தூக்கினாள்.

"ஹஸ்" என்றாள் ஹெங்க்கைப் பார்த்து. அப்புறம் என் பக்கம் திரும்பி, "பெருங்காயம் வேற மணக்கு, கேஸ் வேற மணக்கு, அம்மா" என்றாள்.

உதவியாளர் படிவத்தை நீட்டினார். 'என்ன மணம் தெரிந்தது' என்று கேட்டு ஒரே ஒரு கட்டம் போட்டிருந்தது. காந்திமதி அதில் 'ஹஸ்' என்று அவர்கள் எழுத்தில் எழுதினாள். பேனாவை மூடப் போனவள், நிறுத்தி, "பெருங்காயத்துக்கு எந்த ர, அம்மா?" என்று கேட்டாள். சின்ன ர என்றேன். கட்டத்துக்கு வெளியே, காகிதத்தின் ஓரத்தில் இடம் பார்த்து, ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் எழுதினாள்.